முடக்கிய தொகை

சனிக்கிழமைகளில் மீன் வெட்டுவது விஜயதாஸின் வேலை. அன்றைக்குப் பொழியூரிலிருந்து வந்தது சாளை. கொல்லைக் குழாயடியில் பலகை போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாக வாலைப் பிடித்துச் செதிள் உரசி, தலையைக் கிள்ளி, குடலை வழித்து வாழையிலைக் கிழிசலில் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பூனைகள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, வேறு ஏதோ காரியமாக வந்ததுபோல் தென்னையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

பெயின்டிங் காண்ட்ராக்ட் எடுக்கிற கைக்கு மீன் கத்தி பழகப் பல வருடம் ஆயிற்று. இப்போது நன்றாகவே பழகிவிட்டது. காரணம், மனைவி பிரேமகுமாரி சைவ வீடுகளுக்குக் கணக்கு ரிப்போர்ட் கொண்டுபோகிற நாட்களில் மீனைத் தொடமாட்டாள். கையை எலுமிச்சங்காய் போட்டுத் தேய்த்தால் மணம் போய்விடும். கடலாசு அப்படியில்லை, தாளில் ஏறிய மணம் போகாது. முன்பு ஒருமுறை பாறசாலைப் பக்கம் ஒரு வீட்டில், அவள் நீட்டிய பாஸ்புக்கை வாங்கிய அம்மாள் மூக்கைச் சுளிக்கவில்லை, ஒன்றும் சொல்லவில்லை. விரல் நுனியால் மேசையின் அந்தப் பக்கத்துக்குத் தள்ளிவைத்தாள். அவ்வளவுதான். அன்றோடு சனிக்கிழமை மீன் விஜயதாஸின் பங்குக்கு வந்தது.

"டேப்பைக் கொண்டுபோனா மீனை நீயே வெட்டலாமே," என்றார் விஜயதாஸ், திரும்பாமல். "கண்ணாடியாக்கும். ஒரு துடை துடைச்சா மணமெல்லாம் போச்சு."

"கடலாசும் கொண்டுபோறேன்."

"ரெண்டுமா? எடீ, ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால் வைக்காத. ஏதாவது ஒண்ணுல நில்லு."

"நீங்க மீனைப் பாருங்க. முள்ளோட கிடக்கு."

பிரேமகுமாரி கொல்லை வாசலுக்கும் முன்னறைக்குமாக நாலாவது தடவையாக நடந்துகொண்டிருந்தாள். பைக்குள் அந்தத் தொடுதிரை டேப்பை வைத்தாள். பிளாஸ்டிக் உறையில் போட்ட அச்சுத்தாள்களை அதற்கு மேல் வைத்தாள். பிறகு தாள்களை எடுத்து டேப்புக்கு அடியில் வைத்தாள். பையைத் திறந்ததும் எது முதலில் கையில் வரவேண்டும் என்று அவளுக்கு முடிவாகவில்லை. அவள் கலக்கத்துக்கெல்லாம் காரணம் செவ்வாய்க்கிழமை வந்த ஒரு போன்.

ஸ்ரீகுமார் கூப்பிட்டிருந்தான். பாறசாலையில் காந்திமதிநாதன் பிள்ளை வீட்டுப் பையன். திருவனந்தபுரத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, சனிக்கிழமை தோறும் அம்மாவைப் பார்க்க வருகிறவன்.

"சேச்சி, இந்தத் தடவை கடலாஸ் வேண்டா, கேட்டியளா. அம்மைக்க கணக்கை எனக்க மெயிலுக்கு மாத்திக்கலாம். போன் நம்பரும் எனக்கது கொடுப்போம். ஃபாரம் நான் பிரின்ட் எடுத்து வைக்கேன்."

கடலாசு வேண்டாம் என்று எழுதிக்கொடுக்க ஒரு கடலாசு. பிரேமகுமாரிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

"அம்மாகிட்ட கேட்டியா மக்கா?"

"அம்மைக்கு இது என்னத்துக்கு சேச்சி? புரியவும் இல்லை, வெறுதே டென்ஷன். நீங்க பாடுபட்டு ஆறு மாசத்துக்கு ஒருக்கா வண்டி ஓட்டி வரவும் வேண்டா. இல்லேன்னா ஆப்லயே டைரக்டா மாத்திட்டாலும் ஆச்சு."

கடைசி வாக்கியத்தை அவன் மிரட்டலாகச் சொல்லவில்லை. மழை வரும்போலிருக்கு என்பதுபோலச் சொன்னான். ஆனால் அதன் அர்த்தம் அவளுக்கு உடனே புரிந்தது. ஆப்பில் நேராக மாற்றினால் நடுவில் ஏஜென்ட் கிடையாது. காந்திமதிநாதன் பிள்ளை கைகாட்டித்தான் அந்தக் குடும்பத்துச் சொந்தங்களில் ஒன்பது வீடுகள் அவளிடம் வந்தன. இந்த முதல் வீடு போனால் மற்றதெல்லாம் வரிசையாகப் போகும். அவள் வரும்படியில் பாதி அந்த வீடுகள்தான்.

அவளுக்கு மேலே உள்ள திருவனந்தபுரம் ஆபீசும் அதையே சொல்லிக்கொண்டிருந்தது. இனி வாடிக்கையாளர் சந்திப்புக்கெல்லாம் டேப்தான். அச்சுச் செலவு தர முடியாது. டேப்பையும் அவர்களே கொடுத்தார்கள். மகள் ஜினி இரண்டு விரலை அகட்டி எழுத்தைப் பெரிசாக்கக் காட்டிக்கொடுத்தாள். பிரேமகுமாரி அகட்டினால் படம் கூரைக்கு ஓடிப்போகும்.

அவள் டேப்புக்கு விரோதியும் இல்லை. பொழியூரில் வள்ளம் வைத்திருக்கிற எலியாவுக்கு அவள் கடலாசு கொடுப்பதே கிடையாது. இரண்டு வருடம் முன்பு அவர் வீட்டு முன்னறையைக் கடல் எடுத்துக்கொண்டு போனது, அலமாரியோடு. "எனக்க கடலாஸ் எல்லாம் கடலுக்குள்ள உண்டு," என்பார். "வேணும்னா முங்கிப் பாத்துக்க. எனக்குப் போன்ல அனுப்பு பிள்ளே." நேர்மாறாகப் பெருங்கடவிளை ராஜையா. ரப்பர் ஷீட் காயப்போடுகிற மாதிரி ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் கயிற்றில் கிளிப் போட்டு மாட்டிவைத்திருப்பார். போன் செத்துப்போனால் பணமும் செத்துப்போகும் என்பது அவர் கட்சி. ஆளுக்கு ஒரு நியாயம். அதையெல்லாம் தெரிந்துதான் அவள் இத்தனை வருடம் ஓட்டினாள். இந்தப் பாறசாலை வீடு ஒன்றுதான் எந்தப் பக்கமும் சேராமல் அவளை உருட்டிக்கொண்டிருந்தது.

"சாயா குடிச்சிட்டுப் போ," என்றார் விஜயதாஸ்.

"அங்க குடிப்பேன்."

"அங்க தந்தா குடி. தரல்லேன்னா வரும்போ சாளைக் கறி உண்டு. அது எங்கயும் போவாது."

ஸ்கூட்டரைக் கிளப்பினாள். வீடு இருக்கிற திருப்புறத்திலிருந்து உள்வழியாகப் போய் உதியங்குளங்கரையில் பெரிய ரோட்டைப் பிடிக்க வேண்டும். இந்த வழியில் அவள் நடந்து தேய்ந்த செருப்புகளுக்குக் கணக்கில்லை. இருபத்தேழு வயதில் தபாலாபீஸ் சேமிப்பு ஏஜென்டாகத் தொடங்கியவள். வீடு வீடாகப் போய் மாதப்பணம் வாங்கி, அட்டையில் குறித்து, ஆபீசில் கட்டி, அட்டையைத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுப்பாள். ஜினி வயிற்றில் ஒன்பது மாதமாக இருந்தபோதுகூடக் குடையும் பையுமாக நடந்தாள். நாற்பத்துமூன்றாவது வயதில் மியூச்சுவல் ஃபண்டு விற்கிற பரீட்சை எழுதினாள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எழுதுகிற பரீட்சை. இரண்டு தடவை தோற்று மூன்றாவதில் ஜெயித்தாள். சபையில் அறிவிப்பு நேரத்தில் பாஸ்டர் அதைச் சொன்னபோது கைதட்டலா தோத்திரமா என்று தெரியாமல் ஒரு சத்தம் எழுந்தது.

காந்திமதிநாதன் பிள்ளை தாலுக்கா ஆபீசில் ஹெட் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். அவருக்கு இங்கிலீஷிலேயே ரிப்போர்ட் போதும். ஸ்கேலை வரிக்கு அடியில் வைத்து நகர்த்தி நகர்த்தி வாசிப்பார். போன வருடத்துக்கு முந்தின வருடம் அவர் காலமானார். மரணச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பேங்க் கடிதம் என்று அலைந்து, எல்லாவற்றையும் மனைவி கல்யாணசுந்தரி பேருக்கு மாற்றிக்கொடுத்தது பிரேமகுமாரிதான்.

கல்யாணசுந்தரி தமிழ்நாட்டில் சுசீந்திரம் பக்கத்திலிருந்து எல்லை தாண்டிக் கேரளத்துக்குக் கல்யாணமாகி வந்தவள். நாற்பத்தைந்து வருடமாக இங்கே இருந்தும் மலையாளம் பேசுவாள், கேட்பாள், வாசிக்கத் தெரியாது. அவளுக்குத் தமிழ்தான் எழுத்து. மகனுக்கோ பேச்சில் மட்டும் தமிழ். படித்ததெல்லாம் மலையாளத்தில், தமிழ் எழுத்து அவனுக்குக் கோலம் மாதிரி. அந்தப் பக்கத்தில் இப்படி ஒரே வீட்டுக்குள் ஒருத்தர் கடிதத்தை ஒருத்தர் வாசிக்க முடியாத குடும்பங்கள் நிறைய உண்டு. யாரும் அதைப் பெரிதாக நினைப்பதில்லை.

அதனால் சென்ற முறை, ஆறு மாதத்துக்கு முன்பு, பிரேமகுமாரி முதல்முதலாக ஒரு ரிப்போர்ட்டைத் தமிழில் தயாரித்தாள். அவளும் பள்ளிக்கூடத்தில் மலையாளம்தான். தமிழ் அவளுக்கு ஞாயிறு பள்ளியில் எழுத்துக் கூட்டிப் படித்தது. அந்தத் தமிழில் பாவத்துக்கும் மன்னிப்புக்கும் வார்த்தை உண்டு, ஃபண்டுக்கு இல்லை. இருந்தும் விடவில்லை. போனில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி, பாறசாலை ஜங்ஷன் ஃபோட்டோஸ்டாட் கடைக்கு அனுப்பி, பெரிய எழுத்தில் அச்சடித்து வாங்கினாள். முடக்கிய தொகை. இன்றைய மதிப்பு. ஏற்றம். மூன்று கட்டம். கல்யாணசுந்தரி அன்றைக்கு அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, உதடு அசைய வாசித்தாள். ஒன்றும் கேட்கவில்லை. திருப்தி என்று பிரேமகுமாரி எடுத்துக்கொண்டாள்.

வீட்டு முற்றத்தில் ஸ்ரீகுமாரின் கார் நின்றது. அவனே கதவைத் திறந்தான். கல்யாணசுந்தரி உள்ளிருந்து வந்தாள். படி ஒன்று இறங்கவேண்டிய இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, ஒரு காலை முதலில் இறக்கிவைத்து மற்றதை இழுத்துக்கொண்டாள்.

"முட்டு எப்பிடிம்மா இருக்கு?"

"முட்டு முட்டா இருக்கு. நீ இரி."

"ஆபரேஷனுக்கு நாள் சொல்லியிருந்தாவளே?"

"அம்மைக்கு பயம் சேச்சி," என்றான் ஸ்ரீகுமார். "ரெண்டு தடவை டேட் எடுத்தேன். ரெண்டு தடவையும் வேண்டா வேண்டான்னு ஒரே பிடிவாதம்."

பையைத் திறந்ததும் கையில் வந்தது டேப். பிரேமகுமாரி அதை டீப்பாயில் நிறுத்திவைத்தாள். திரையில் பச்சைக் கோடு ஒன்று மலை ஏறுகிற ரோடு மாதிரி வளைந்து வளைந்து மேலே போனது. ஸ்ரீகுமார் முகம் மலர்ந்தான்.

"இதாக்கும் வேண்டியது!" ஒரு விரலால் தள்ளினான். வட்டம் ஒன்று வந்தது, நாலு நிறத்தில். இன்னும் தள்ளினான். "கண்டீங்களா அம்மே? எல்லாம் க்ளியர்."

கல்யாணசுந்தரி குனிந்து பார்த்தாள். ஜன்னல் வெளிச்சம் கண்ணாடியில் விழுந்து கண் கூசியது. தலையை இந்தப் பக்கம் சாய்த்தாள், அந்தப் பக்கம் சாய்த்தாள்.

"என் மூஞ்சிதான் தெரியுது," என்றாள்.

"வெளிச்சத்தைக் கூட்டணும்," என்று பிரேமகுமாரி இரண்டு விரலை வைத்தாள். வட்டம் பெரிதாகி, ஒரே ஆரஞ்சு நிறமாகத் திரை முழுக்க நிறைந்தது. ஸ்ரீகுமார் சிரித்துக்கொண்டே அதைத் திரும்பச் சிறிதாக்கினான். எல்லாம் இங்கிலீஷ். அவன் வாசித்து, அவனே தலையாட்டி, அவனே அடுத்த பக்கத்துக்குப் போனான்.

"நான் சாயா போடட்டு," என்று கல்யாணசுந்தரி எழுந்தாள். போகும்போது பிரேமகுமாரியை ஒரு பார்வை பார்த்தாள். இருபத்துநாலு வருடம் வீட்டம்மாக்களோடு பழகியவளுக்கு அந்தப் பார்வை தெரியும். உதவுகிற சாக்கில் பின்னாலேயே போனாள்.

அடுக்களையில் கேஸ் அடுப்பில் பாத்திரத்தை வைத்துவிட்டு, கல்யாணசுந்தரி குரலைத் தாழ்த்தினாள்.

"பிரேமா, அந்த முடக்கம் எப்பம் மாறும்?"

"எந்த முடக்கம்மா?"

"நம்ம பணத்துக்கது."

"முடக்கினது அப்படியே உண்டும்மா. அது மாறாது."

"மாறவே மாறாதா?"

"அது எப்பிடி மாறும்? மேல நிக்க மதிப்புதான் ஏறும், இறங்கும். முடக்கினது முடக்கினதாக்கும்." அவளுக்குப் பாடம் சொல்கிற உற்சாகம் வந்தது. "எவ்வளவு நாள் கிடக்கோ அவ்வளவு நல்லது. பத்து வருஷம், பதினஞ்சு வருஷம்..."

கல்யாணசுந்தரி தேயிலை டப்பாவைத் திறக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கு எழுபத்திரண்டு வயசாச்சு மக்கா. பதினஞ்சு வருஷம் முடங்கிக் கிடந்தா அதை யாரு எடுக்க? அவ்வோ போன பொறவு பேங்குல முடக்கி வெச்சிருந்தாவ. நீ நடையா நடந்தே, மூணாம் மாசம் எடுத்துவிட்டாவ. இது மட்டும் ஏன் இளக மாட்டேங்கு? நான் ஏதாவது கடலாஸ்ல ஒப்பு போடாம விட்டேனா?"

அந்த அம்மாள் எதைக் கேட்கிறாள் என்று பிரேமகுமாரிக்கு அப்போதுதான் விளங்கியது.

மலையாளத்தில் காசு முடக்குவது என்றால் ஒரு காரியத்தில் காசைப் போடுவது. கடை வைக்கிறவன் முடக்குவான், ரப்பர் நடுகிறவன் முடக்குவான். போட்ட முதலுக்கு முடக்குமுதல் என்று பேர். பிரேமகுமாரி பிறந்ததிலிருந்து கேட்ட வார்த்தை. தமிழ் எழுத்தில் எழுதினால் அது தமிழாகிவிடும் என்று நினைத்து எழுதினாள்.

"அம்மா," என்றாள். "அது... முடங்கல்லம்மா. பணம் முடங்கவே இல்ல. நான் எழுதினது இன்வெஸ்ட் பண்ணின பணம்னு. நாம போட்ட பணம். இங்க ஆளுகள் சொல்லுவாவல்லியா, கடையில இத்தனை லட்சம் முடக்கினேன்னு. அதாக்கும்."

கல்யாணசுந்தரி அவளையே பார்த்தாள்.

"அப்பம் எடுக்கலாமா?"

"எப்பம் வேணும்னாலும் எடுக்கலாம். நாலு நாள்ல பேங்குக்கு வந்துரும்."

"ஆறு மாசம் முன்னாலயும் எடுக்கலாமா இருந்துது?"

பிரேமகுமாரி தலையை அசைத்தாள்.

கல்யாணசுந்தரி இப்போது டப்பாவைத் திறந்து, தேயிலையை அளந்து போட்டாள். "ஆபரேஷனுக்குப் பயமுன்னு அவன்கிட்ட சொல்லி வெச்சேன். எனக்கு என்ன பயம்? மூணு பெத்தவ, ஒண்ணு தங்கிச்சு. பணம் முடங்கிக் கிடக்கு, அவன் வீட்டு லோனு வேற கட்டுகான், அவன்கிட்ட எப்பிடிக் கேக்க?"

"பணத்தைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அம்மா. அவன்கிட்ட இல்லேன்னா எனக்கிட்ட."

"உன்கிட்டயா? அவ்வோ உன்னை நம்பினாவ. முடங்கிப்போச்சுன்னு தெரிஞ்சா இவன் உன்னைச் சும்மா விடுவானா? உனக்கு ஒரு பேச்சு வரப்பிடாதுன்னாக்கும் வாயை மூடிக்கிட்டுக் கிடந்தேன்."

"அம்மா, நீங்க மலையாளம் பேசுறவங்கதானே. முடக்குன்னு கேட்டதே இல்லியா?"

"மலையாளத்துல சொன்னா மலையாளமா கேப்பேன். தமிழ்ல எழுதிக் கையில தந்தா தமிழாத்தான வாசிப்பேன்?"

சாயா கொதித்துப் பொங்க வந்தது. கல்யாணசுந்தரி அடுப்பை அணைத்தாள்.

முன்னறைக்குப் போகிற பத்தடியில் பிரேமகுமாரி நூறு கணக்குப் போட்டாள். சொல்லாமல் விடலாம். அம்மாவுக்குத் தெளிந்தாயிற்று, ஸ்ரீகுமாருக்குத் தெரியவேண்டிய அவசியம் இல்லை. சொன்னால் கடலாசுக்கு எதிராக அவன் தேடுகிற சாட்சியை இவளே கொண்டுபோய் வைத்த மாதிரி. வீடு போகும், ஒன்பது வீடும் போகும். ஆனால் சொல்லாவிட்டால், ஆறு மாதமாக அந்த அம்மாள் மூடிவைத்த வாய்க்கு இவளும் ஒரு பூட்டுப் போட்டதாகும். சாயா கிளாஸ் கையைச் சுட்டது. கீழே வைத்ததும் சொல்லிவிட்டாள், மூச்சு விடாமல், முதலிலிருந்து கடைசிவரை.

ஸ்ரீகுமார் முதலில் சிரிக்கப் போனான். முட்டு ஆபரேஷன் என்ற இடம் வந்ததும் நிறுத்திக்கொண்டான்.

"அந்தக் கடலாஸ் எங்க?"

டிவி மேசையில்தான் இருந்தது, ரிமோட்டுக்கு அடியில். சனிக்கிழமை தோறும் அவன் ரிமோட்டை எடுத்து, திரும்ப அதன்மேலேயே வைத்திருக்கிறான். இப்போது எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்தான். தலையை இந்தப் பக்கம் சாய்த்தான், அந்தப் பக்கம் சாய்த்தான்.

"இதுல எது அந்த வார்த்தை?"

பிரேமகுமாரி விரல் வைத்துக் காட்டினாள். அவன் அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான். காது சிவந்திருந்தது.

"அம்மே, அப்போ பயமுன்னு சொன்னது பொய்யா?"

"பின்ன?"

"சேச்சி, ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தையில ஆறு மாசம். அம்மை இந்தப் படியில விழுந்திருந்தா?"

"தப்பு எனக்க தப்பாக்கும். நான் ஒண்ணும் மறைக்கல்ல."

"மறைச்சியள்னு நான் சொல்லல்ல. இதுக்குத்தான் சொன்னேன், கடலாஸ் வேண்டா, வேண்டான்னு. ஒரு ரிப்போர்ட், ஒரு பாஷை, ஒரு ஆள் பாக்கணும். ரெண்டு இருந்தா ரெண்டு அர்த்தம் வரும்." அவன் பேசப் பேசக் குரல் நிதானத்துக்கு வந்தது. ஃபாரத்தை எடுத்து டீப்பாயில் வைத்து, பேனாவை அதன்மேல் வைத்தான். "அம்மே, இங்க ஒரு ஒப்பு. இனி எல்லாம் எனக்க போனுக்கு வரும். நான் பாத்துச் சொல்லுதேன். திங்கக்கிழமையே டாக்டருக்க டேட் எடுக்கேன்."

அவன் சொன்னதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதுதான் பிரேமகுமாரியை வதைத்தது. அவன் நல்ல மகன். கரன்ட் பில் கட்டுகிறான், மருந்து வாங்கி வருகிறான். அவன் சொன்ன கணக்கும் சரி. சரியான கணக்கில் அம்மாவுக்கு வேலை ஒன்றும் இல்லை, ஒப்புப் போடுவதைத் தவிர.

கல்யாணசுந்தரி பேனாவைத் தொடவில்லை.

"இந்தத் தடவைக்குக் கடலாஸ் கொண்டுவந்தியா பிரேமா?"

இல்லை என்று சொல்லலாம். அப்படியே நம்புவார்கள். பைக்குள் இருக்கிற தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்கு இந்தக் கணம்தான் உறைத்தது. போன தடவை எழுதியதை அப்படியே வைத்துக்கொண்டு, எண்களை மட்டும் மாற்றி, முந்தாநாள் ஃபோட்டோஸ்டாட் கடைக்கு அனுப்பினாள். தலைப்பில் அதே வார்த்தை, பெரிய எழுத்தில், தடித்த மையில்.

எடுத்தாள். உறையிலிருந்து உருவி, டீப்பாயில் ஃபாரத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். அங்கே கிடந்த பேனாவையே எடுத்து 'முடக்கிய' என்பதன்மேல் ஒரு கோடு இழுத்தாள். அதற்கு மேல் எழுத ஒரு வார்த்தை வேண்டும். பேப்பரில் வருகிற தமிழ் ஏதேதோ ஞாபகம் வந்தது. எதையும் இனி அவள் நம்பத் தயாராயில்லை. 'போட்ட பணம்' என்று எழுதினாள்.

"வெட்டித் திருத்தினதுக்கு ஒரு வேல்யூவும் கிடையாது சேச்சி," என்றான் ஸ்ரீகுமார். "எந்த ஆபீஸும் எடுக்காது."

"இது மட்டும்தானா, இன்னும் உண்டா?" கல்யாணசுந்தரி கேட்டாள். குரலில் சூடு இல்லை. கடையில் பாக்கிச் சில்லறையை எண்ணி வாங்குகிறவளின் குரல். இத்தனை வருடத்தில் அவள் பிரேமகுமாரியிடம் அந்தக் குரலில் பேசியதில்லை.

பிரேமகுமாரி வரி வரியாக விரலை நகர்த்தினாள். இரண்டாம் பக்கத்தின் அடியில் இன்னொன்று இருந்தது. அதையும் அடித்தாள். ஸ்ரீகுமார் எதிர்ப்பக்கத்திலிருந்து தலைகீழாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். டேப்பின் திரை தானாக அணைந்தது.

"வேற இல்லம்மா. ரெண்டுதான்."

கல்யாணசுந்தரி தாளை வாங்கிக்கொண்டாள். ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்தாள். உதடு அசைந்தது, அடித்த இடத்தில் நின்றது, மேலே எழுதியதைப் படித்தது, பிறகு எண்ணுக்குப் போனது. ஒவ்வொரு வரியையும் முடித்துத்தான் அடுத்ததற்கு இறங்கினாள். வெளியே யாரோ தேங்காய் விலை கேட்டுக்கொண்டு போனார்கள்.

"அம்மே, சாயா ஆறுது," என்றான். பிறகு, "ஒப்பு?"

அவள் தாளை நாலாக மடித்தாள்.

பிரேமகுமாரி பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். கேட்கக்கூடாது என்று தெரியும். அவளால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அம்மா, அடுத்த தடவை நான் எதைக் கொண்டுவர? கடலாசா, இதா?" டேப்பைக் காட்டினாள். பிறகு, இன்னும் தாழ்ந்த குரலில், "இனியும் நான் வரட்டா?"

கல்யாணசுந்தரி டீப்பாயில் உள்ளங்கையை ஊன்றி எழுந்தாள். முட்டு நேராகிறவரை அப்படியே நின்றாள். மகன் கை கொடுக்க எழுந்தான். வேண்டாம் என்று விரலை மட்டும் அசைத்தாள். ஒப்புப் போடாத ஃபாரத்தை அங்கேயே விட்டு, மடித்த தாளை மட்டும் இன்னொரு கையில் வைத்துக்கொண்டு, படியேற வேண்டிய இடத்தில் சுவரைப் பிடித்து, நல்ல காலை முதலில் ஏற்றி மற்றதை இழுத்துக்கொண்டு, உள்ளறைக்குப் போனாள்.